உப்பும் ஒளிநாடாவும்

நுழையும்முன்

ஓலைச்சுவடி மட்கிப்போகும் முன்பே அதைப் புதிய ஓலையில் படியெடுத்து வைப்பது நம் முன்னோர் வழக்கம். அவ்வாறு படியெடுத்தவர்களின் உழைப்பால்தான் பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்துசேர்ந்தன. வீடுகளில் வீடியோ கேமரா புழங்கத் தொடங்கிய பின்னர், குடும்பங்களின் நினைவுகள் ஒளிநாடாக்களில் ஏறின. அந்த நாடாக்களும் சுவடிகளே. அவற்றுக்கும் அழிவு உண்டு. அவற்றைப் படியெடுப்பதும், தொகுப்பதும், அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதும் எவ்வாறு என்பதை உப்பு விளையும் ஒரு கடற்கரையிலிருந்து நோக்குகிறது இக்கட்டுரை.

உப்பு விளையும் கரை

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளைக் குவியல்களைக் காண்பர். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கட்டம் கட்டமாக நீர் நிற்கும். அவை உப்பளப் பாத்திகள். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று ஆய்வாளர் கருதுவர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இதுவே. அருகில் விரிந்துகிடக்கும் கழுவெளி சதுப்புநிலம், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்பு விளைச்சல், பார்ப்பதற்கு எளிய தொழில். செய்வதற்கு நுட்பமான தொழில். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்திருக்கின்றன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்று மேற்பட்டதே நாம் உண்ணும் உப்பு. உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலும் காற்றும் நீரை உறிஞ்ச விடுவர். நீர் தடிக்கத் தடிக்க, அடுத்தடுத்த பாத்திகளுக்கு அதை மாற்றுவர். சுண்ணாம்புச் சத்து முதலில் படியும். பிறகு ஜிப்சம் படியும். நீரின் செறிவு ஏறத்தாழ 25 போமே பாகையை எட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். அதற்குமேல் மிகுதியாகத் தடிக்க விட்டால் மெக்னீசிய உப்புகளும் கலந்து கசக்கும். ஆகவே, உரிய நேரத்தில் மிஞ்சிய கசப்புநீரை வெளியேற்றிவிடுவர். எதை விடுவது, எதை வாருவது, எப்போது நிறுத்துவது என்னும் மூன்று முடிவுகளில் உப்பளத்தாரின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நெடுநேரம் பதிவான படத்தைச் சுருக்கித் தொகுப்பவருக்கும் இம்மூன்று முடிவுகளே முன்னிற்கின்றன. ஆனால், உப்பளத்தாருக்கு உள்ள ஒரு வசதி அவருக்கு இல்லை. கடல் அடுத்த பருவத்திலும் நீர் தரும். கடந்துபோன ஒரு காலைப்பொழுது மீண்டும் வந்து கேமராமுன் நிற்காது.

உவர்க்காற்றில் ஒளிநாடா

வி.எச்.எஸ். எனப்படும் ஒளிநாடா 1976இல் ஜப்பானில் அறிமுகமாயிற்று. கையில் ஏந்திப் படம்பிடிக்கும் சிறிய கருவிகளுக்கென எட்டு மில்லிமீட்டர் நாடா 1985இலும், எண்முறையில் பதியும் மினி டிவி நாடா 1995இலும் வந்தன. அயல்நாட்டில் வேலைசெய்து விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் கொண்டுவந்த பொருள்களுள் வீடியோ கேமராவும் ஒன்றானது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, திருமணம், புதுமனை புகுவிழா என ஒவ்வொன்றும் நாடாவில் ஏறின. அவற்றோடு, எவரும் திட்டமிடாமல், அடுப்படியும் தெருவும் மாட்டுக்கொட்டிலும் பதிவாயின.

நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். படமும் ஒலியும் அத்துகள்களில் உறைந்திருக்கின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போது பசை மெல்லச் சிதைகிறது, நாடா பிசுபிசுக்கிறது, துகள்கள் உதிர்கின்றன. ஈரப்பதம் நீடித்தால் பூஞ்சை படர்கிறது. உப்பளக் கரையில் இவ்விடர் மேலும் மிகுதி. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்புத்தூள் தானே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடியில் காணும் அதே கசிவு, கேசட்டின்மேல் படிந்த உப்புத்தூளிலும் நிகழும். நாடாவை இயக்கும் கருவியின் உலோக உறுப்புகளையும் உவர்க்காற்று அரித்துவிடும்.

கருவியே கிடைக்காமற்போவது மற்றோர் இடர். உலகில் வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை உருவாக்கி வந்த ஜப்பானிய நிறுவனம், 2016 சூலையில் அப்பணியை நிறுத்திக்கொண்டது. நாடா நலமாக இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி இல்லையெனில், எழுத்தறியாதவர் கையில் கிடைத்த சுவடியாகவே அது கிடக்கும். காந்தநாடாக்களைப் படியெடுப்பதற்குரிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலிஒளி ஆவணக் காப்பாளர்களும் எச்சரித்துள்ளனர்.

நாடாவிலிருந்து கணினிக்கு

படியெடுக்கும் வேலை தொடங்கும்முன் செய்யவேண்டியது சிறிய செயல். கேசட்டின் விளிம்பிலுள்ள காப்புத் தாழைப் பதிவைத் தடுக்கும் நிலைக்கு நகர்த்திவிட வேண்டும், வி.எச்.எஸ். கேசட்டாயின் சிறு பிளாஸ்டிக் துண்டை ஒடித்துவிட வேண்டும். அதன்பின் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது. பூஞ்சை படர்ந்த நாடாவை உடனே ஓட்டிப் பார்த்தல் கூடாது. பூஞ்சை கருவிக்குள் பரவி, அடுத்து ஓடும் நாடாவையும் கெடுக்கும்.

பழைய வி.எச்.எஸ். நாடாவின் படத்தை, அதற்குரிய மாற்றுக்கருவி வழியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். மினி டிவி நாடாவில் படம் எண்களாகவே இருப்பதால், ஃபயர்வயர் என்னும் இணைப்புவடம் வழியே தரம் குறையாமல் அப்படியே கணினிக்கு மாற்றலாம். இரண்டிலும் விரைவுவழி இல்லை. மூன்று மணி நேர நாடாவை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். அந்நேரம் வீணன்று. படியெடுப்பவர் அருகில் அமர்ந்து, எந்த நிமிடத்தில் எவர் வருகிறார், எவர் பேசுகிறார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வரலாம். முகங்களை அடையாளம் காட்டவல்ல மூத்தோர் ஒருவரை உடன் அமர்த்திக்கொள்ளுதல் நன்று. படத்தைக் காப்பதைவிட, படத்தில் இருப்பவர் யார் என்ற அறிவைக் காப்பது அரிது.

கணினியில் ஏறிய ஒரு மணி நேர மினி டிவி படம், ஏறத்தாழ 13 கிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். டிவிடி வட்டின் கொள்ளளவோ 4.7 கிகாபைட். எனவே, படத்தை எம்பெக்-2 என்னும் முறையில் சுருக்க வேண்டும். நல்ல தரம் வேண்டுமெனில் ஒரு வட்டில் ஒரு மணி நேரம் கொள்ளும். தரம் சற்றுக் குறையலாம் எனில் இரண்டு மணி நேரம் கொள்ளும். அதற்குமேல் திணித்தால் அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும். அலையும் காற்றில் ஆடும் பனையோலையும் நிறைந்த கடற்கரைப் படங்களில் அசைவு மிகுதி. அங்கே இக்குறை உடனே தெரியும்.

ஐம்பதாயிரம் அடி

கிடைத்த படத்தைத் தேர்ந்து தொகுக்கும் கலையில் தமிழர் ஒருவர் ஆற்றிய பணி, உலகம் அறிந்தது. கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் ஒன்றை உருவாக்க 1937இல் எண்ணங்கொண்டார். பெரும்பாலும் அவர் புதிதாகப் படம்பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பிறர் பிடித்து வைத்திருந்த படத்துண்டுகளைத் தேட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த துண்டுகளைத் தேடிக் கண்டம் கண்டமாகப் பயணம் செய்தார். ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருள் சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்து, தமிழ் விளக்கவுரையுடன் 1940இல் வெளியிட்டார்.

அக்காலத் திரைப்படச் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். அவ்வாறு கணக்கிட்டால், ஒன்பது மணி நேரத்திற்கு மேற்பட்ட படம் இரண்டேகால் மணி நேர அளவிற்குச் சுருங்கியது எனலாம். அந்தச் சுருக்கம் இல்லையேல் மக்கள் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். சேர்த்து வைப்பவர் காப்பாளர். பிறர் காணும்படி செய்பவர் தொகுப்பாளர். செட்டியார் இரண்டுமாக விளங்கினார்.

எனினும், அந்தத் தமிழ்ப் படத்தின் முழுமையான படி இன்று நம்மிடம் இல்லை. 1953இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தின் சுருக்கம் மட்டுமே பின்னாளில் அந்நாட்டில் கண்டெடுக்கப்பட்டது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் படியும் கிடைக்கவில்லை. நாடே போற்றிய படங்களுக்கு இந்நிலை எனில், ஒரே ஒரு படியாக வீட்டுப் பரணில் கிடக்கும் கேசட்டின் நிலை சொல்ல வேண்டுவதில்லை.

மூன்று கேசட்டுகள்

மரக்காணத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காலம் 2009. குடும்பத் தலைவர் உப்பளத்தில் வேலைசெய்து ஓய்ந்தவர். மூத்த மகன் சென்னையில் பணிபுரிகிறான். மகள் கல்லூரியில் படிக்கிறாள். தாய்மாமன் துபாயிலிருந்து வந்தபோது எடுத்த மூன்று மினி டிவி கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தந்தையின் அறுபதாம் ஆண்டு நிறைவிற்கு உறவினர் அனைவருக்கும் ஒரு டிவிடி வழங்க வேண்டும் என்பது மகனின் விருப்பம்; தொகுக்கும் பொறுப்பு தங்கையுடையது.

முதல் கேசட்டில் காதணி விழா. இரண்டாவதில் பொங்கல். மூன்றாவதில் பெரும்பகுதி, மாமன் விடியற்காலையில் உப்பளத்திற்குப் போய்ச் சும்மா படம்பிடித்தது. நாற்பது நிமிடம் ஆட்கள் வரிசையாக நின்று உப்பு வாருகிறார்கள். பெண்கள் கூடையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். கேமரா ஆடுகிறது. காற்று ஒலிவாங்கியில் மோதி இரைகிறது.

"இதை எடுத்துடு பாப்பா. யாரு பாக்கப் போறா? அப்பா வர்ற இடத்த மட்டும் ரெண்டு நிமிஷம் வச்சிட்டு, மேல ஒரு பாட்டப் போட்டுடு" என்கிறான் அண்ணன். அவன் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் நாற்பது நிமிடம் உப்பு வாருவதைப் பார்த்திருக்கமாட்டார்கள். தவிர, நம் திருமண ஒளிநாடாக்களில் உண்மையான பேச்சொலியை அடக்கிவிட்டுத் திரைப்பாடலை நிரப்புவதே நெடுநாள் வழக்கமாயிற்று.

அவள் காற்றின் தாழ்ந்த இரைச்சலை மட்டும் வடிகட்டிக் கேட்கிறாள். இரைச்சல் அடங்கியதும் அடியிலிருந்து ஒரு குரல் எழுகிறது. தந்தையைப் பெற்ற ஆயாவின் குரல். கூடையை இறக்கி வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, "என்னா தம்பி, உப்பு வார்றதப் போயி படம் புடிக்கற? இது என்னா கல்யாணமா?" என்கிறார் அவர். பிறகு, எந்தப் பாத்தி எப்போது பூக்கும் என்று எவரிடமோ சொல்லிக்கொண்டே நடக்கிறார். ஆயா மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. அவருடைய நிழற்படங்கள் வீட்டில் இரண்டு உண்டு. குரல், உலகில் இந்த ஓரிடத்தில் மட்டுமே உண்டு.

தங்கை அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கச் செய்கிறாள். அவன் சிறிது நேரம் பேசவில்லை. "இன்னொரு தரம் போடு" என்று மட்டும் சொல்கிறான்.

அடுத்து எழுந்த சிக்கல் இடம் பற்றியது. மூன்று மணி நேரப் படம் கணினியில் 39 கிகாபைட்டை அடைத்திருக்கிறது. அவர்களுடைய கணினியின் வன்தட்டே 80 கிகாபைட்தான். வட்டு தயாரானதும் மூலக் கோப்புகளை அழித்துவிட்டு, கேசட்டுகளில் அறுபதாம் ஆண்டு விழாவைப் பதிந்துகொள்ளலாம் என்பது அண்ணனின் முதல் எண்ணம். இப்போது அவனே புதிய கேசட்டுகள் வாங்கிவர ஒப்புகிறான். விழாவிற்கு ஒரு மணி நேரத் தொகுப்பு. அதில் ஆயா பேசும் பகுதி, பாட்டு எதுவும் கலவாமல் முழுமையாக. உப்பளத்தின் நாற்பது நிமிடமும் தனியொரு வட்டில், வெட்டாமல். அது எவருக்காக என்று இருவருக்கும் அப்போது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

கணினியில் தொகுக்கும்போது மூலப்படம் உண்மையில் வெட்டுப்படுவதில்லை. எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிய வேண்டும் என்ற குறிப்பையே தொகுப்பு மென்பொருள் எழுதிவைக்கிறது. நீக்கிய காட்சியை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம். மூலக் கோப்பை அழித்த பின்னரே இழப்பு நேர்கிறது.

வட்டில் ஏற்றுதல்

தொகுப்பு முடிந்ததும் அதை வட்டில் ஏற்றும் பணி. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் 576 வரிகள் கொண்டது. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறையும் இரட்டைப்படை வரிகள் ஒருமுறையுமாகப் படம் வரையப்படுகிறது. இதனால், கணினித் திரையில் பார்க்கும்போது அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பல்லைப்போல் தெரியலாம். அது பழுதன்று, தொலைக்காட்சியில் சரியாகவே தெரியும். அதைத் திருத்த முற்பட்டுப் படத்தின் தெளிவைக் குறைத்துக்கொள்ள வேண்டா.

நெடும்படத்தை இயல்களாகப் பிரித்து, முகப்பில் தலைப்புகள் அமைத்தால் வேண்டிய பகுதிக்கு நேரே செல்லலாம். தலைப்பில் ஊர், நாள், படத்தில் இருப்பவர் பெயர் ஆகியன இடம்பெறுதல் வேண்டும். "குடும்ப விழா" என்ற பொதுப்பெயர் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றையும் உணர்த்தாது. ஒளியூட்டும் வித்தைகளையும் சுழலும் பூச்சட்டங்களையும் குறைத்துக்கொள்ளுதல் நன்று. அவை அந்தந்தக் காலத்து ஆடம்பரம், விரைவில் பழமையாகிவிடும். முகங்கள் பழமையாவதில்லை.

படியெடுத்த வட்டும் என்றென்றும் நிலைக்காது. நாம் எழுதும் டிவிடி வட்டில் சாயப்படலம் ஒன்று உண்டு. லேசர் கதிர் அப்படலத்தில் இடும் குறிகளே படமும் ஒலியும் ஆகின்றன. வெயிலும் வெப்பமும் ஈரமும் அச்சாயத்தை வெளிறச் செய்யும். ஆதலால், வட்டை நிழலில், உறையில், நிமிர்த்தி வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, கெடும் முன்பே புதிய ஊடகத்திற்கு மாற்ற வேண்டும். இன்று வன்தட்டு, நாளை வேறொன்று. ஊடகம் மாறும், படியெடுக்கும் கடமை மாறாது.

படிகளே காவல்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரைக் குப்பங்களையும் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிய இக்கரையைத் தாக்கின. வெள்ளம் வீட்டிற்குள் புகும்போது மனிதர் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. பெட்டியிலுள்ள கேசட்டை எவர் நினைப்பர்? ஒரே வீட்டில் பத்துப் படிகள் இருந்தாலும் ஒரே வெள்ளத்தில் பத்தும் போகும். வெளியூர் உறவினர் வீட்டில் ஒரு படி இருந்தால் போதும், நினைவு பிழைத்துக்கொள்ளும். குறைந்தது மூன்று படிகள், இருவேறு ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது ஆவணக் காப்பாளர் பின்பற்றும் நடைமுறை. உறவினர்க்கு வட்டுகளைப் பகிர்ந்தளித்தல் அன்பின் செயல் மட்டுமன்று, காவலும் ஆகும்.

சங்க காலத்து உமணர் உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் சென்றதைப் பாடல்கள் காட்டுகின்றன. ஆனால், அன்று பாத்தியில் இறங்கி உப்பு வாரிய ஒருவருடைய குரலும் நமக்குக் கிடைக்கவில்லை. அரசர்க்குக் கல்வெட்டு இருந்தது. உழைப்பவர்க்கு அது இல்லை. கையடக்கக் கேமரா வந்தபின், வரலாற்றில் முதன்முறையாக, எளிய குடும்பங்களும் தம் முகத்தையும் பேச்சையும் தொழிலையும் தாமே பதிந்துவைக்க முடிந்தது. உப்பு வாருவதைப் படம்பிடிப்பானேன் என்று ஆயா வியந்தார். இனி வரும் தலைமுறையில் ஒருவர், உப்பு எவ்வாறு விளைந்தது, நம்மவர் எவ்வாறு பேசினர் என்று தேடும்போது, விருந்துக்காகத் தொகுத்த ஒரு மணி நேரத்தைவிட, எவரும் வேண்டாத அந்த நாற்பது நிமிடமே அவருக்கு விடைசொல்லும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய ஒளிநாடா, வட்டு, நிழற்படம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றில் இருப்பவர்களின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதுக.

2. உங்கள் ஊரின் தொழில் ஒன்றைப் பத்து நிமிடம் காணொலியாகப் பதிந்து, அதை மூன்று நிமிடமாகத் தொகுத்து வகுப்பில் காட்டுக. நீக்கிய பகுதிகள் எவை, ஏன் நீக்கினீர்கள் என்பதையும் விளக்குக.

3. 'தொகுப்பவர் எதை விடுகிறாரோ, அதுவும் வரலாறே' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.